மூன்றில் ஒரு பங்கு: கிளேர் சீமாட்டி எலிசபெத்தின் வாழ்வும் உறவுகளும்

1314 ஜூன் 24 அன்று ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போர்க்களத்தில் குளோஸ்டர் பிரபு கில்பர்ட் த கிளேர் கொல்லப்பட்டார். வயது 23. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அயர்லாந்திலும் பரவிக் கிடந்த அவருடைய நிலங்கள் ஆண்டுக்குச் சுமார் 6,000 பவுண்டு வருமானம் தந்தவை. அவருக்குப் பிள்ளை இல்லை. கூடப் பிறந்த சகோதரிகள் மூவர் இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லாத சொத்து பெண்களுக்குச் சமமாகப் பிரியும் என்பது அன்றைய ஆங்கிலேயச் சட்டம். ஆக, மூன்று பங்கு போட வேண்டியதுதான் மிச்சம்.

ஆனால் பங்கு போடவில்லை. கில்பர்ட்டின் மனைவி மாட், தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ, அந்தக் குழந்தைதான் முதல் வாரிசு. எல்லோரும் காத்திருந்தார்கள். பத்து மாதம் கடந்தது, ஓராண்டு கடந்தது, இரண்டாம் ஆண்டும் ஓடியது, குழந்தை பிறக்கவில்லை. கர்ப்பம் உண்மைதான் என்றே அரசின் நீதிபதிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூத்த சகோதரியின் கணவர் ஹியூ டெஸ்பென்சர் 1315-இல் பொறுமையிழந்து டன்பிரிட்ஜ் கோட்டைக்குள் ஆட்களோடு புகுந்து உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. பங்கு பிரிந்தது 1317 நவம்பரில்தான்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் ஒரு பெண்ணின் வயிறு அன்று. பங்கு பிரியாத நிலம் அரசரின் கையில் இருக்கும், வருமானம் கருவூலத்துக்குப் போகும். அதைவிட முக்கியம், இளைய சகோதரிகள் இருவரும் அப்போது விதவைகள். அவர்களை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று அரசர் இரண்டாம் எட்வர்டு இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்றில் ஒரு பங்கு யாருடைய வீட்டுக்குப் போகிறது என்பதில்தான் இங்கிலாந்தின் அரசியலே இருந்தது.

அந்த மூவரில் கடைசிப் பெண் எலிசபெத். 1295-இல் டியூக்ஸ்பரியில் பிறந்தவர், 1360-இல் லண்டனில் இறந்தவர். மூன்று கணவர்களைச் சாகக் கொடுத்தவர். கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரிக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர். இடைக்கால ஐரோப்பாவின் மேற்குடிப் பெண்களைப் பற்றி வரலாற்றாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: குடும்ப உறவு அந்தப் பெண்களுக்குப் பலமா, விலங்கா? எலிசபெத்தின் வாழ்க்கையைப் போல அந்தக் கேள்வியை முழுமையாகச் சோதித்துப் பார்க்க இடம் தரும் வாழ்க்கைகள் குறைவு. அவருடைய வீட்டுக் கணக்குச் சுருள்கள் பெரும் எண்ணிக்கையில் பிழைத்திருக்கின்றன. உயில் இருக்கிறது. அவர் தமக்கு நேர்ந்த அநியாயத்தைத் தாமே எழுதிவைத்த ஆவணமும் இருக்கிறது.

கேள்வியின் வரலாற்றை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரெஞ்சு வரலாற்றாளர் ஜார்ஜ் துபியின் பார்வை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் செல்வாக்குப் பெற்றது. பதினோராம் நூற்றாண்டை ஒட்டி மேற்குடிக் குடும்பம் தந்தை, மூத்த மகன், அவன் மகன் என்ற ஒற்றைக் கோடாகக் குறுகியது, அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட பெண் ஆண்களுக்கிடையே கைமாறும் பொருளானாள் என்பது அவர் வாதம். பின்னால் வந்தவர்கள் வட்டாரம் வட்டாரமாகச் சாசனங்களைத் திறந்து பார்த்தார்கள். லுவார் ஆற்றங்கரைப் பிரபுக் குடும்பங்களை ஆராய்ந்த ஏமி லிவிங்ஸ்டன், அங்கே மகள்களும் தாய்வழி உறவினரும் சொத்திலும் கொடையிலும் தொடர்ந்து பங்கு பெற்றதைக் காட்டினார். இங்கிலாந்துப் பெண்களின் கணக்கேடுகளையும் உயில்களையும் ஜெனிஃபர் வார்டு படித்துப் பதிப்பித்தார். எலிசபெத்தின் வாழ்க்கை வரலாற்றைத் தனி நூலாக எழுதினார் ஃபிரான்சிஸ் அண்டர்ஹில். இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. எங்கு பார்த்தாலும் வலிமை மிக்க பெண்கள்.

இரண்டு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்கப் பார்க்கின்றன. எலிசபெத்தின் வாழ்க்கையை 1322-இல் நிறுத்திப் பார்த்தால் துபி சொன்னது வரிக்கு வரி சரி. அதற்குப் பிந்தைய 38 ஆண்டுகளை மட்டும் பார்த்தால் துபி எழுதியது வேறு ஏதோ உலகத்தைப் பற்றி என்று தோன்றும். எந்த வயதில், எந்த உறவின் கையில் என்று கேட்காமல் இந்தக் கேள்விக்கு விடை தேட முடியாது என்பதே என் முடிவு.

எலிசபெத் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பத்திரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அவருடைய தந்தை, அவரும் கில்பர்ட்தான், முதல் மனைவி ஆலிஸை மணவிலக்குச் செய்துவிட்டு 1290-இல் முதலாம் எட்வர்டு அரசரின் மகள் ஜோனை மணந்தார். அரசர் சும்மா பெண் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை தம் நிலம் அத்தனையையும் அரசரிடம் ஒப்படைக்க வேண்டும். அரசர் அதைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுடைமையாகத் திருப்பித் தருவார். இனி அது இவர்கள் இருவருக்கும் பிறக்கும் பிள்ளைகளுக்கே சேரும். முதல் தாரத்துப் பெண்கள் இருவர் ஒரே கையெழுத்தில் வெளியேறினார்கள். 1314-இல் பங்குதாரர்கள் ஐவராக இல்லாமல் மூவராக இருந்ததற்கு இந்தப் பத்திரமே காரணம். எலிசபெத்தின் செல்வம் முதல் தாரத்து அக்காமார் இழந்த செல்வம்.

ஜோனைப் பற்றிச் சில வரி சொல்லாமல் நகர முடியாது. சிலுவைப் போருக்குப் போன பெற்றோருக்கு ஆக்ர் நகரில் பிறந்தவர் அவர். கணவர் 1295 டிசம்பரில் இறந்தபோது எலிசபெத் மூன்று மாதக் கைக்குழந்தை. கூட்டுடைமைப் பத்திரத்தின்படி முழுச் சொத்தும் இளம் விதவையான ஜோனிடம் வந்தது. தந்தையோ அவரைச் சவாய் நாட்டுப் பிரபு ஒருவருக்கு மணம் முடிக்கத் திட்டமிட்டார். ஜோன் 1297-இல் தம் வீட்டு வீரர்களில் ஒருவரான ரால்ஃப் த மான்தெர்மரை ரகசியமாக மணந்துகொண்டார். அரசர் கொதித்தார், ரால்ஃபைச் சிறையில் போட்டார், பிறகு இறங்கிவந்தார். ஒரு பிரபு ஏழைப் பெண்ணை மணப்பது குற்றமில்லை என்றால் ஒரு சீமாட்டி ஒரு திறமையான இளைஞனை உயர்த்துவதும் குற்றமில்லை என்று ஜோன் வாதாடியதாக செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. துணிச்சலான பெண். ஆனால் அந்தத் துணிச்சல் செல்லுபடியானது அவர் அரசரின் மகளாகவும், சொத்தைத் தம் பெயரில் வைத்திருந்த விதவையாகவும் இருந்ததால். கையில் ஒன்றும் இல்லாத பெண் இப்படிச் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஜோன் 1307-இல் இறந்தார். அடுத்த ஆண்டே 13 வயது எலிசபெத்துக்குத் திருமணம். அல்ஸ்டர் பிரபு ரிச்சர்டு த பர்க்கின் மகன் ஜான் மாப்பிள்ளை. அந்த மாட், கர்ப்பம் என்று சொன்ன அண்ணி, இந்த ஜானின் சகோதரிதான்; இரண்டு திருமணங்களும் அடுத்தடுத்த நாள்களில் வால்தம் மடத்தில் நடந்தன. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். எலிசபெத் 1309-இல் அயர்லாந்து போனார். 1312-இல் வில்லியம் பிறந்தான். 1313-இல் ஜான் இறந்தார். 17 வயதில் ஒரு குழந்தையோடு விதவை. மறு ஆண்டே அண்ணன் களத்தில் விழ, அந்த 18 வயதுப் பெண் நாட்டின் மிகப் பெரிய வாரிசுகளில் ஒருவரானார்.

இங்கே சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். கணவர் இறந்தால் அவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு ஆயுள் வரை உண்டு. திருமணத்தின்போது இருவர் பெயரிலும் எழுதப்பட்ட நிலம் முழுதும் அவருக்கே. பிறந்த வீட்டுச் சொத்து தனி. இந்த மூன்று ஊற்றுகளும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தால் அவர் பெரும் செல்வந்தர். 1215-இன் மாக்னா கார்ட்டா, விதவைக்கு உரியதைத் தடையில்லாமல் தர வேண்டும், அவரை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதே மூச்சில், அரசரின் நிலத்தை வைத்திருக்கும் விதவை அவர் சம்மதம் இல்லாமல் மறுமணம் செய்யமாட்டேன் என்று உறுதி தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு மூன்றாண்டு முன்பு, அமால் சீமாட்டி ஹவிஸ் மீண்டும் மணம் செய்யாமல் இருக்கும் உரிமைக்காக ஜான் அரசருக்கு 5,000 மார்க் தர ஒப்புக்கொண்டிருந்தார். சாசனத்துக்குப் பிறகு அந்த விலை சட்டப்படி ஒழிந்தது. வற்புறுத்தல் ஒழியவில்லை. இளம் வயதில் விதவையான இசபெல்லா த ஃபோர்ட்டிபஸை மணக்க சைமன் த மான்ட்ஃபோர்ட்டின் மகன் உரிமை வாங்கிக்கொண்டு துரத்தினான். அவர் ஓடி ஒளிந்து தப்பினார், கடைசிவரை மறுமணம் செய்யாமல் வைட் தீவை ஆண்டார். 1293-இல் மரணப் படுக்கையில் அந்தத் தீவை 6,000 மார்க்குக்கு அரசருக்கு விற்றார்.

எலிசபெத்துக்கு ஓடி ஒளிய நேரம் கிடைக்கவில்லை. அரசர் அவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்துப் பிரிஸ்டல் கோட்டையில் தங்கவைத்திருந்தார். 1316 பிப்ரவரியில் தியோபால்டு த வெர்டன் அவரை அங்கிருந்து கொண்டுபோய் மணந்துகொண்டார். வெர்டன் முன்னாள் அயர்லாந்து ஆட்சியாளர். முதல் தாரத்தில் மூன்று பெண்கள் உள்ளவர். நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அயர்லாந்திலேயே தங்களுக்குள் பேச்சு முடிந்திருந்தது என்றும், தாம் அழைத்ததும் அவளாகவே கோட்டைக்கு வெளியே வந்தாள் என்றும் சொன்னார். பெண் என்ன சொன்னாள் என்பது பதிவில் இல்லை. யாரும் கேட்டதாகவும் பதிவில்லை. அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் அரசர். அவருடைய அனுமதி மீறப்பட்டது என்பதே குற்றம். துபியின் தரப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜூலையில் வெர்டன் இறந்தார். மணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, எலிசபெத் வயிற்றில் குழந்தை. அவர் போன இடம் ஏம்ஸ்பரி கன்னிமடம். அங்கே அவருடைய சித்தி மேரி, முதலாம் எட்வர்டின் மகள், துறவியாக இருந்தார். ஆண் உறவுகள் எல்லாம் அவரை எங்கே பொருத்தலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தங்க இடம் கொடுத்தது அந்தச் சித்திதான். இடைக்காலக் கன்னிமடங்கள் பக்திக்கு மட்டுமான இடங்களாக இருக்கவில்லை. பெண்வழி உறவு பெண்ணைக் காப்பாற்றிய இடங்களாகவும் இருந்தன. 1317 மார்ச்சில் அங்கே பெண் குழந்தை பிறந்தது. அரசியின் பெயரையே வைத்து இசபெல்லா என்று அழைத்தார்கள்.

அரசர் இரண்டாம் எட்வர்டு எலிசபெத்தின் தாய்மாமன். கர்ப்பிணி மருமகளுக்கு அவர் அன்பு சொட்டும் கடிதம் எழுதினார். ரோஜர் டமோரியை மணந்துகொள் என்பது செய்தி. டமோரி சாதாரண ஆக்ஸ்ஃபோர்டுஷயர் குடும்பத்தின் இளைய மகன். பானக்பர்னில் நன்றாகப் போரிட்டு அரசரின் கண்ணில் பட்டவர். மூன்று சகோதரிகளின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் தாய்மாமனின் திட்டம் விளங்கும். மூத்தவர் எலினோரைத் தாத்தா முதலாம் எட்வர்டே முன்பு டெஸ்பென்சருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். நடுவிலவர் மார்கரெட் முதலில் அரசரின் உயிர் நண்பர் பியர்ஸ் கேவ்ஸ்டனுக்கு. அவரை 1312-இல் பிரபுக்கள் கொன்றபின், ஹியூ ஆட்லிக்கு. கடைசிப் பெண் டமோரிக்கு. அரசருக்குப் பிடித்தமானவர்களைப் பெருநிலக்கிழார்கள் ஆக்குவதற்கு இளைய மருமகள்கள் இருவரும் வழியானார்கள். 1317 வசந்தத்தில் இளையவர்கள் இருவரின் திருமணமும் முடிந்தது. நவம்பரில் நிலம் பிரிந்தது. எலிசபெத்தின் பங்கில் சஃபோக்கின் கிளேரும், எஸெக்ஸின் கிரேட் பார்ட்ஃபீல்டும், தென்கிழக்கு வேல்ஸின் அஸ்க்கும் வந்தன.

பிரித்துக் கொடுத்த கையோடு சண்டையும் வந்தது. எலினோரின் கணவர் டெஸ்பென்சருக்கு வேல்ஸின் கிளாமர்கன் கிடைத்திருந்தது. பக்கத்துப் பங்குகளும் தமக்கே வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அரசரின் அருகில் டமோரி இருந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார். டமோரியும் ஆட்லியும் 1321-இல் வேல்ஸ் எல்லைப் பிரபுக்களின் கிளர்ச்சியில் சேர்ந்தார்கள். 1322 மார்ச்சில் கிளர்ச்சி நொறுங்கியது. டமோரி டட்பரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அரசரின் மருமகளை மணந்தவர் என்பதற்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் இறந்தார். ஆட்லியின் உயிர் மனைவி மார்கரெட் கெஞ்சியதால் பிழைத்தது. மார்கரெட் செம்ப்ரிங்ஹம் மடத்தில் அடைக்கப்பட்டார். எலிசபெத் அஸ்க் கோட்டையில் பிடிபட்டு, பிள்ளைகளோடு பார்கிங் மடத்துக்கு அனுப்பப்பட்டார்.

அடுத்து நடந்ததுதான் இந்த வாழ்க்கையின் மையம். அஸ்க்கை டெஸ்பென்சரிடம் விட்டுக்கொடு, பதிலுக்கு வேல்ஸின் கோவரை எடுத்துக்கொள் என்று வற்புறுத்தினார்கள். கோவரின் வருமானம் அஸ்க்கில் பாதிகூடத் தேறாது. 1322 கிறிஸ்துமஸுக்கு அரசர் எலிசபெத்தை யார்க்குக்கு வரவழைத்தார். அவருடைய ஆலோசகர்களைப் பிரித்தார். மறுமணம் செய்யமாட்டேன், என் நிலத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன், இரண்டுக்கும் அரசர் அனுமதி வேண்டும் என்ற பத்திரத்தில் முத்திரை வைக்கச் சொன்னார். வைக்காவிட்டால் ஒரு துண்டு நிலமும் கிடையாது. முத்திரை வைத்தார். பிறகு கோவரும் போயிற்று: அதன் பழைய உடைமையாளர் வில்லியம் த பிரவ்ஸ் அவர்மேல் வழக்குப் போட்டு வென்று, வென்ற நிலத்தை டெஸ்பென்சர் குடும்பத்துக்கே மாற்றிக்கொடுத்தார்.

பறித்தவர்கள் யார்? அக்காள் கணவரும் தாய்மாமனும். அந்நியர் ஒருவர்கூட இல்லை. நிலம் எந்த உறவுவழி வந்ததோ அதே வழியில்தான் அதைப் பறிக்கவும் ஆள் வந்தது. இதைச் சரியாகப் பார்க்காததால்தான் பலமா விலங்கா என்ற விவாதம் முடிவில்லாமல் இழுக்கிறது என்று நினைக்கிறேன். எலினோருக்கும் மார்கரெட்டுக்கும் எலிசபெத்துக்கும் ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே அளவு பங்கு. எலினோர் அந்த ஆண்டுகளில் நாட்டின் அதிகாரம் மிக்க பெண்களில் ஒருவர். தங்கைகள் இருவரும் மடங்களில் கைதிகள். இரத்த உறவு மூவரையும் ஒரே அளவில் வாரிசு ஆக்கியது. யார் காப்பாற்றப்படுவார், யார் சூறையாடப்படுவார் என்பதைக் கணவர்களே தீர்மானித்தார்கள்.

1326-இல் எலிசபெத் ஒரு காரியம் செய்தார். கிளேரில் இருந்தபடி, தம்மிடமிருந்து எப்படி எல்லாம் பறிக்கப்பட்டது, எந்த மிரட்டலுக்கு அஞ்சி முத்திரை வைத்தார் என்பதை விவரித்து ஓர் எதிர்ப்பு ஆவணத்தை எழுதிவைத்தார். அப்போது டெஸ்பென்சர் அதிகாரத்தின் உச்சியில் இருக்கிறார். அது வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலம் மாறும், அப்போது தாம் மனமொப்பிக் கொடுக்கவில்லை என்பதற்குச் சான்று வேண்டும் என்று யோசித்த மூளை அது. 30 வயதுப் பெண், கணவர் இல்லை, அண்ணன் இல்லை, மகன் சிறுவன். அவருக்காகப் பேச வலுவுள்ள ஆணுறவு என்று ஒருவரும் மிஞ்சாதபோது அவர் தாமே தம் வழக்கைத் தயாரித்தார். இடைக்காலப் பெண் ஒருவரின் குரலை இவ்வளவு அருகில் கேட்பது அபூர்வம்.

காலம் மாறத்தான் செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசி இசபெல்லா படையோடு சஃபோக் கரையில் இறங்கினார். நவம்பர் 24 அன்று டெஸ்பென்சர் ஹெரஃபோர்டில் தூக்கிலிடப்பட்டார். அரசர் பதவி இழந்தார். எலிசபெத்துக்கு அஸ்க் திரும்பி வந்தது. இப்போது வீழ்ச்சி எலினோருக்கு. அவருடைய பெண்களில் மூவர், சிறுமிகள், அரசியின் ஆணைப்படி துறவிகளாக்கப்பட்டார்கள். தந்தையின் குற்றத்துக்குத் தண்டனையாக, அவர்கள் வழியே யாரும் பங்கு கேட்டு வராதபடி. 1329-இல் எலினோரை வில்லியம் லா ஸூஷ் தூக்கிக்கொண்டுபோய் மணந்தார். 1336-இல் மார்கரெட்டுக்கு ஆட்லி வழியில் பிறந்த ஒரே மகளை ரால்ஃப் ஸ்டாஃபர்டு தூக்கிக்கொண்டு போனார். பெற்றோர் முறையிட்டும், அரசர் மூன்றாம் எட்வர்டு பெண்ணின் தந்தை ஆட்லிக்குக் குளோஸ்டர் பிரபு பட்டத்தைத் தந்து விஷயத்தை முடித்துவைத்தார். ஒரு குடும்பத்தில் ஒரே தலைமுறையை ஒட்டி மூன்று கடத்தல்கள். சொத்துள்ள பெண்ணின் உடல் எவ்வளவு பாதுகாப்பற்றது என்பதை மற்ற எந்த ஆவணமும் இதைவிட நன்றாகச் சொல்லாது.

எலிசபெத் மறுபடி மணம் செய்துகொள்ளவே இல்லை. 26 வயதில் விதவையான அவர் 65 வயதுவரை தனியாக இருந்தார். பிள்ளைகளும் சொத்தும் இருக்கப் புதுக் கணவர் தேவையில்லை என்ற முடிவை அவர் ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக்கொண்டிருந்தார் என்றே சொல்ல வேண்டும். பெயரை அவர் அமைத்துக்கொண்ட விதமும் கவனிக்கத்தக்கது: கிளேர் சீமாட்டி எலிசபெத் த பர்க். முதல் கணவரின் குடும்பப் பெயர், பிறந்த வீட்டின் பட்டம். நடுவிலும் கடைசியிலும் வந்த கணவர்கள் அதில் இல்லை. ஆனால் அவருடைய முத்திரையில் மூன்று கணவர்களின் சின்னங்களும் உண்டு. தாய்வழி அரசகுல இங்கிலாந்தும், பாட்டிவழிக் காஸ்டீலும் லியோனும் உண்டு. நடுவே இருப்பது கிளேர்.

அந்தக் கணக்குச் சுருள்களுக்கு வருவோம். ரொட்டி, பியர், ஒயின், மீன், குதிரைக்கு வைக்கோல் என்று வீட்டின் ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் செலவழித்ததை எழுத்தர்கள் பதிந்திருக்கிறார்கள். வருமானம் ஆண்டுக்கு 3,000 பவுண்டு அளவில் இருந்தது. 1337-இல் மூன்றாம் எட்வர்டு புதிய பிரபுக்களை ஏற்படுத்தியபோது அந்த நிலைக்குப் போதும் என்று கருதியது 1,000 மார்க், அதாவது சுமார் 667 பவுண்டு. ஒரு விதவை அதைப்போல் நாலு மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார். போருக்குப் போகவில்லை, நாடாளுமன்றத்தில் உட்காரவில்லை. ஆனால் அஸ்க்கில் அரசரின் ஆணை நேரடியாகச் செல்லாத எல்லைப் பிரதேசத்தில் நீதிமன்றம் அவருடையது, தண்டம் அவருக்கு. தணிக்கையாளர்கள் ஊர் ஊராகப் போய்க் காரியக்காரர்களின் கணக்கைச் சரிபார்த்தார்கள். கிளேரில் அவருக்காகவே பொற்கொல்லர்கள் வேலை செய்தார்கள். வீட்டு வாசலில் ஏழைகளுக்கு ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் போயின.

இந்தச் சுருள்களில் என்னை அதிகம் ஈர்ப்பது விருந்தினர் வருகை. அரசர் வருகிறார், அவர் மகன் கறுப்பு இளவரசர் வருகிறார். அவர்களைவிட அடிக்கடி வருபவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் பெரியம்மா மகள் ஜோன் த பார். அவருடைய கணவர் வாரன் பிரபு அவரை விலக்கிவைக்கப் பல ஆண்டு வழக்காடினார். இன்னொருவர் பெம்புரோக் சீமாட்டி மேரி த சான் பொல். மூன்றாண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு 1324-இல் விதவையாகி, 1377-இல் இறக்கும்வரை மறுமணம் செய்யாதவர். மேரி நெருங்கிய இரத்த உறவு இல்லை. ஆனால் பல நாள் தங்கிப் போகிறார், இவரும் அங்கே போகிறார். மேரி 1347-இல் கேம்பிரிட்ஜில் பெம்புரோக் கல்லூரியை நிறுவினார். அதே காலத்தில் எலிசபெத்தின் கையிலும் ஒரு கல்லூரி இருந்தது. பிறவியாலும் மணத்தாலும் வந்த உறவுகளின் அளவுக்கு, வயது ஏற ஏறத் தாமே தேர்ந்துகொண்ட உறவுகளும் இவர் வீட்டில் இடம் பிடித்தன.

பிள்ளைகளிடமும் துயரம் வந்தது. மகன் வில்லியம் அல்ஸ்டர் பிரபு ஆனான். தன் உறவினன் வால்ட்டர் பர்க்கைச் சிறையில் பட்டினி போட்டுச் சாகவிட்டான். வால்ட்டரின் சகோதரி கைல் பழி தீர்க்கச் சொல்லி ஏவியதாகச் சொல்லப்படுகிறது; 1333 ஜூனில் காரிக்ஃபெர்கஸ் அருகே வில்லியமை அவனுடைய ஆட்களே கொன்றார்கள். வயது 20. உறவுக்காரர்கள் கன்னாக்ட் நிலங்களைத் தமக்குள் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை, பாட்டியின் பெயரையே கொண்ட எலிசபெத். மகள் இசபெல்லா வெர்டன், தந்தையின் நிலத்தில் நாலில் ஒரு பங்குக்காரி, 1349 கொள்ளைநோய் ஆண்டில் போனார். டமோரிக்குப் பிறந்த மகள் பார்டால்ஃப் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் 1326-இல் தொடங்கிப் பணமில்லாமல் தள்ளாடிய ஒரு கல்விக்கூடத்தை 1338-இல் எலிசபெத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதுதான் கிளேர். 1359-இல் அவர் தந்த விதிமுறைகள் ஒரு தலைவரையும் 19 அறிஞர்களையும் பத்து ஏழைச் சிறுவர்களையும் பேசுகின்றன. கொள்ளைநோய் கற்றவர்களை வாரிக்கொண்டு போய்விட்டதால் கல்விக்கு ஆள் வேண்டும் என்ற கவலை அவற்றில் தெரிகிறது. கல்லூரிச் சின்னத்தில் கிளேரும் பர்க்கும் பக்கம் பக்கமாக இருக்க, சுற்றிலும் கரிய விளிம்பில் பொன் துளிகள். அவை கண்ணீர்த் துளிகள் என்று மரபு சொல்கிறது. 1355-இல் எழுதிய உயிலில் மூன்று கணவர்களின் ஆன்மாக்களுக்கும் பெயர் சொல்லி வழிபாடு வைத்தார். தம்மைக் கடத்திப் போனவர், மாமன் கட்டிவைத்தவர் என்று அவர் பிரிக்கவில்லை. இதை அன்பு என்று கொள்வதா, கடமை என்று கொள்வதா? கடமைதான் என்பேன். ஆனால் அந்தச் சமூகத்தில் இறந்தவர்களுக்காகச் செய்யும் கடமை உறவின் மிக உயர்ந்த வடிவம். ஒருவர் ஆன்மா உத்தரிக்கும் தலத்தில் எத்தனை காலம் இருக்கும் என்பது உயிரோடு இருப்பவர் செய்யும் வழிபாட்டைப் பொறுத்தது என்று நம்பிய பெண், மூவரையும் கைவிடவில்லை.

இங்கிலாந்துக்கு வெளியே ஒரு பார்வை வேண்டும், இல்லாவிட்டால் இதை ஆங்கிலேயச் சட்டத்தின் விளைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள நேரும். பிரான்சின் வடக்கே ஆர்ட்வாவை 1302 முதல் 1329 வரை ஆண்டவர் மாஓ. அவருடைய சகோதரர் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டதால், அந்த ஊர் வழக்கப்படி பேரனைவிட மகளுக்கே முன்னுரிமை என்று தீர்ப்பாயிற்று. அந்தச் சகோதரரின் மகன் ராபர்ட் வாழ்நாளெல்லாம் வழக்காடித் தோற்றார். அதே ஆண்டுகளில்தான், 1316 முதல் 1328 வரை, பிரெஞ்சு அரியணை பெண்களுக்கு இல்லை என்று ஆயிற்று. ஒரே நாட்டில் ஒரு பெண் பெரும் பிரதேசத்தை ஆளலாம், ஆனால் பெண்வழியே முடி இறங்காது. உறவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள இணைப்பு எந்த நிலம், எந்த வழக்கம், எந்தத் தேவை என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது.

எலிசபெத் 1360 நவம்பர் 4 அன்று காலமானார். கடைசி ஆண்டுகளில் லண்டன் ஆல்ட்கேட்டில் கிளாரா சபைத் துறவியரின் மடத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர், அங்கேயே அடக்கம் ஆனார். அவருடைய மூன்றில் ஒரு பங்கு பேத்தி எலிசபெத்துக்குப் போனது. பேத்தியை 1342-இல் பத்து வயதில் அரசரின் மகன் லயனலுக்கு மணம் முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்போது நாலு வயதும் நிறையவில்லை. அந்தப் பேத்தியின் வீட்டுக் கணக்குத் துண்டுகள் பின்னால் ஒரு புத்தகத்தின் அட்டைக்குள் திணிக்கப்பட்டுக் கிடைத்தன. 1357-இல் ஒரு பணியாளச் சிறுவனுக்கு மேலங்கியும் சிவப்பும் கறுப்புமான காலுறையும் செருப்பும் வாங்கிய செலவு அதில் இருக்கிறது. சிறுவன் பெயர் ஜெஃப்ரி சாசர். ஆங்கிலக் கவிதையின் பெருங்கவிஞரைப் பற்றி நமக்குக் கிடைத்த முதல் செய்தி அது.

லயனலுக்கு 1362-இல் கிளாரன்ஸ் கோமகன் என்ற பட்டம் வந்தது. மனைவியின் கிளேர்தான் அந்தப் பெயருக்கு மூலம். அவர்களின் ஒரே மகள் பிலிப்பா மார்ச் பிரபு எட்மண்ட் மார்ட்டிமரை மணந்தார். பிலிப்பாவின் பேத்தி ஆன் மார்ட்டிமர் யார்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். 1460 அக்டோபரில் ஆனின் மகன் ரிச்சர்டு, யார்க் கோமகன், நாடாளுமன்றத்தில் இங்கிலாந்தின் மணிமுடி தமக்கே உரியது என்று உரிமை கோரினார். ஆண்வழியில் அவர் மூன்றாம் எட்வர்டின் வளர்ந்து ஆளான மகன்களில் நாலாமவரின் வாரிசு, அது போதாது. தாய்வழியில், பிலிப்பா மூலம், அவர் லயனலின் வாரிசு. ஆண்டுகொண்டிருந்த லங்காஸ்டர் குடும்பத்தைவிட ஒரு படி மூத்த கிளை. எதிர்த்தரப்பு ஆண்வழியைப் பேசியது, ஆனால் பிலிப்பா வழி உரிமையைப் பிரபுக்களால் மறுக்க முடியவில்லை. ரிச்சர்டு அந்த டிசம்பரிலேயே போரில் விழுந்தார். 1461-இல் அவர் மகன் நான்காம் எட்வர்டு முடிசூடியபோது, கிளேர் நிலமும் அரசரின் சொத்தோடு சேர்ந்தது.